காற்றிலே ஏறும் கடன்

வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யும் குடும்பம் கடனில் மூழ்கும் என்பதை நம் இல்லத்தரசிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இம்மாதம் சற்றுக் குறைவாகவே கடன்பட்டோம் என்று மகிழ்வதனால் பழைய கடன் தீர்ந்துவிடுவதுமில்லை. மனிதகுலம் காற்றோடு நடத்திவரும் கொடுக்கல் வாங்கலும் இத்தகையதே. ‘காபன் சமநிலை’ என்று இந்நாளிலே பேசப்படுவது இக்கணக்கை நேர்செய்யும் முயற்சியாகும்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும்போது காபனீரொட்சைட்டு என்னும் கரியமில வாயு உண்டாகின்றது. பூமியை விட்டு நீங்கும் வெப்பத்தை அது தடுத்து வைக்கின்றது. இவ்வாயு பெருகினால் பூமி சூடேறும் என்பதைச் சுவீடன் விஞ்ஞானி அரீனியஸ் 1896இலேயே கணக்கிட்டுக் காட்டினார். 1958இல் சார்ள்ஸ் கீலிங் என்னும் அமெரிக்க அறிஞர் ஹவாயிலுள்ள மௌனா லோவா மலையில் இதனைத் தொடர்ந்து அளக்கலானார். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த இவ்வாயு, அவர் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காயிருந்தது. 2024இலோ 420ஐயும் தாண்டிவிட்டது.

நாம் வெளிவிடுவதில் ஏறக்குறையப் பாதியைக் காடும் கடலும் உட்கொள்கின்றன. எஞ்சியது காற்றிலே சேர்கின்றது. அதிற் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருக்கும். ஆகவேதான் புகையைச் சற்றே குறைப்பது போதாது. வெளிவிடுவதும் மீட்டெடுப்பதும் சரிநிகராகும் வரை வெப்பம் ஏறிக்கொண்டேயிருக்கும். வெப்ப உயர்வை 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்த வேண்டுமாயின், 2050ஆம் ஆண்டளவில் உலகம் அந்நிலையை அடைய வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை அறிஞர் குழு 2018இல் அறிவித்தது.

இஃது இயலக்கூடியதா என்று ஐயுறுவோர் பிரித்தானியாவை நோக்குக. நீராவி யந்திர யுகத்தைத் தொடக்கிவைத்த நாடு அது. பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய உலகின் முதலாவது நிலக்கரி மின் நிலையம் 1882இல் லண்டனிலே எழுந்தது. 2012இற்கூட அந்நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்களவு நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. பின்னர் புகைக்கு விலை விதித்தனர். கடலிலே காற்றாலைகளை நிறுவினர். 2050இற்குள் கணக்கை நேராக்குவோம் என 2019இற் சட்டமும் இயற்றினர். கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி மூடப்பட்டது. எனினும், நிலக்கரி விட்ட இடத்தின் ஒரு பகுதியை எரிவாயு பிடித்துக்கொண்டது. அயல்நாடுகளில் உற்பத்தியாகி அங்கே இறக்குமதியாகும் பண்டங்களின் புகையும் அவர்கள் கணக்கிற் சேர்வதில்லை. சாதனை பெரிதே, முடிந்துவிடவில்லை.

பாரிஸ் நகரிலே 2015இல் உலக நாடுகள் உடன்பாடு கண்டபின், சீனா 2060ஐயும் இந்தியா 2070ஐயும் தத்தம் எல்லையாகக் குறித்துள்ளன. நுரைச்சோலையிலே நிலக்கரி எரிக்கும் நம் இலங்கையும் 2050 என்று வாக்களித்துள்ளது. கடனிற் பெரும்பங்கை ஏற்றியவை செல்வ நாடுகளே. ஆதலின் வறிய நாடுகள் அவற்றிடம் பொருளுதவி கேட்பது பிச்சையன்று, நியாயமேயாகும்.

மரம் நட்டாற் போதுமே என்பாரும் உளர். மரம் நடுதல் நன்று. ஆயினும் இன்று ஒரு நாளில் எரிக்கும் எண்ணெயின் காபனை நாற்று உட்கொள்ளப் பல ஆண்டுகள் செல்லும். காட்டுத்தீ மூண்டாலோ சேமித்தது மீண்டும் புகையாகும். எனவே, முதலிற் செலவைச் சுருக்குவதும், சுருக்க முடியாத எஞ்சிய பகுதிக்கே மரத்தை நம்புவதும் அறிவுடைமையாம்.

இன்று பதினைந்து வயதிலுள்ள மாணவர், 2050இல் நடுவயதுக் குடும்பத்தலைவராய் இருப்பர். பெற்றோர் பட்ட கடனைப் பிள்ளைகள் தீர்ப்பது உலக வழக்கு. ஆனால், தீர்க்க முடியாத கடனை அறிந்தே விட்டுச் செல்லும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் இல்லை என்பதே நம் துணிபு.