டேங்கர் ஓட்டப் படிப்போம்

கழிவுநீர்த் தொட்டியில் இறங்க நம் பிள்ளைகளிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் இறக்கினார்கள். கேஸ் டேங்கர் ஓட்டவோ சான்றிதழ் வேண்டும். அது நியாயம்தான். அதைப் பெறும் வழியை நாம் தெரிந்துகொள்வோம்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-ஆம் விதி இதைச் சொல்கிறது. லாரி ஓட்டும் உரிமம் மட்டும் போதாது. அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் 3 நாள் பயிற்சி பெற்றுத் தேற வேண்டும். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பல ஆண்டு கிளீனராக ஓடிய நம் அண்ணன்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

பாடம் வண்டியிலேயே எழுதியிருக்கிறது. பலகையில் 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு, 1005 என்றால் அமோனியா. அவசரக் குறியீட்டின் கடைசியில் ஆங்கில 'ஈ' இருந்தால், சுற்றியுள்ள மக்களை வெளியேற்ற வேண்டி வரலாம். கசிந்தால், தீப்பிடித்தால் செய்ய வேண்டியதெல்லாம் 'டிரெம் கார்டு' அட்டையில் இருக்கும். அது ஓட்டுநர் கேபினில் இருந்தாக வேண்டும். விபத்து நடந்தால் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்வது ஓட்டுநரின் கடமை.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, மாலையில் ஒரு மணி நேரம் அந்த அண்ணன்களோடு உட்காருங்கள். அந்த அட்டையை வைத்தே ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள். தலைமுறை தலைமுறையாக ஆபத்தான வேலையைக் கேள்வி கேட்காமல் செய்தோம். இனி என்ன ஆபத்து என்று அறிந்து, அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்கிச் செய்வோம்.