ஒரிஜினலா, நகலா? பழைய பந்தயக் கார் சொல்லித் தரும் வியாபாரப் பாடம்

பழைய வாகனம் ஒன்று விலை பேசப்படும் இடத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இது ஒரிஜினலா?" என்பதுதான். விற்பவர் கொஞ்சமும் யோசிக்காமல், "ஓம், ஒரிஜினல்தான்" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பிப் பல இலட்சம் ரூபா கைமாறிவிடுகின்றது.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எஞ்சின் அந்த வாகனத்தோடு பிறந்ததா? பொடி கம்பனியில் அடித்ததா, கராஜில் அடித்ததா? சாசி இலக்கம் முதலில் குத்தப்பட்டபடியே இருக்கின்றதா? பதிவுப் புத்தகம் இந்த வாகனத்துக்கு உரியதா, அல்லது எப்போதோ இரும்புக் கடைக்குப் போன வேறொரு வாகனத்துடையதா? விற்பவர் ஒன்றை மனதில் வைத்துப் பதில் சொல்கின்றார். வாங்குபவர் இன்னொன்றை விளங்கிக் கொள்கின்றார். பிணக்கு அங்கேதான் ஆரம்பிக்கின்றது.

2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனம் என்பது தங்கம் போல ஆகிவிட்டது. கொட்டிலுக்குள் கிடந்த கார்களும் ஜீப்களும் வெளியே வந்தன. டிங்கர் வேலை செய்யும் பாஸ்மாருக்கும் கை நிறைய வேலை கிடைத்தது. ஆகவே ஒரிஜினல் எது, நகல் எது என்ற கேள்வி இன்று பணக்காரரின் பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல. நம்மைப் போன்ற சாதாரண வியாபாரிகளின் முதலையும் அது தொடுகின்றது.

இந்தக் கேள்வி உலகத்தில் மிகக் கூர்மையாக எழும் இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் பழைய டிராக் ரேஸ் கார்களின் சந்தை. அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால் நமது சந்தையும் தெளிவாக விளங்கும்.

கால் மைல் ஓட்டம்

டிராக் ரேஸ் என்பது வளைவு, திருப்பம் எதுவும் இல்லாத பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்தவுடன் நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும். தூரம் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீற்றர். யார் முந்தினாரோ அவருக்கு வெற்றி.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, வேலை குறைந்து கிடந்த விமான ஓடுபாதைகளில் இந்த விளையாட்டு வேகமாக வளர்ந்தது. கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமானத் தளத்தில் 1950இல் கட்டணம் வாங்கி ஓட்டங்கள் நடத்தப்பட்டன. 1951இல் இதற்கென்று தேசிய சங்கம் ஒன்றும் உருவானது. யுத்தகால ஓடுபாதை பந்தயத் திடலாக மாறியது அமெரிக்காவில் மட்டும் நடந்த காரியமல்ல. சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழவரத்திலும் நமது களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தையிலும் நடந்தது அதுதான். சீனன்குடா ஓடுபாதையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த நீண்ட நேர்ப்பாதை வேகப்பிரியர்களை ஏன் இழுத்தது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

1960களில் அமெரிக்கக் கம்பனிகளே இந்தப் பந்தயத்துக்கென்று சொற்ப எண்ணிக்கையில் விசேட கார்களைச் செய்தன. வெளித்தோற்றத்தில் அவை சாதாரணக் குடும்பக் கார்கள். உள்ளே இருந்ததோ அசுர எஞ்சின். அந்தக் கார்கள்தான் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. நகல்கள் பெருகுவதும் அவற்றுக்குத்தான்.

69 கார்களின் கதை

செவ்ரொலே கம்பனியின் கமாரோ இதற்கு நல்ல உதாரணம். 1969ஆம் ஆண்டு மொடலில் சுமார் 2 இலட்சத்து 43 ஆயிரம் கமாரோக்கள் செய்யப்பட்டன. அவற்றுள் செட்.எல்.1 எனப்படும், முழுவதும் அலுமினியத்தில் வார்த்த 7 லீற்றர் எஞ்சின் பூட்டியவை வெறும் 69. பந்தயத்தில் சேர்ப்பதற்குக் குறைந்தது 50 கார்கள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், இலினோய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் கார் விற்பனையாளரே 50 கார்களுக்கு ஓடர் கொடுத்தார். ஆனால் எஞ்சினுக்கு மட்டும் மேலதிகமாக 4,000 டொலருக்கு மேல் விலை விழுந்தது. காரின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டியது. வாங்க ஆளில்லாமல் பல கார்களை அவர் கம்பனிக்கே திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அன்று விலைப்படாத அந்தச் சரக்கு இன்று சேகரிப்பாளர்களின் கனவு.

இப்போது வியாபாரக் கண்ணால் பாருங்கள். 69 காருக்கு உலகமே போட்டி போடுகின்றது. அதே அச்சில் வார்த்த சாதாரணப் பொடிகளோ இரண்டு இலட்சத்துக்கும் மேல். அலுமினிய எஞ்சினைப் புதிதாகவும் வாங்கலாம். நல்ல கராஜ் ஒன்று இருந்தால் எழுபதாவது காரைச் செய்துவிட முடியும். அதற்கும் மேலாக, அந்த மொடலின் சாசி இலக்கத்தைப் படித்தால் அது எட்டு சிலிண்டர் கார் என்று மட்டும்தான் தெரியும். எந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் என்பதை அந்த இலக்கம் சொல்லாது. எனவே எஞ்சினில் குத்திய இலக்கம், தொழிற்சாலைத் தாள்கள், முதல் விற்பனைப் பற்றுச்சீட்டு, உரிமையாளர் வரிசை என்று பல சாட்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே உண்மையை நிறுவ வேண்டியிருக்கின்றது. எஞ்சினில் பழைய இலக்கத்தைச் சுரண்டிவிட்டுப் புது இலக்கம் குத்துபவர்களும் இருப்பதால், அந்த இடத்தின் உலோக வரிகளைக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியால் பரிசோதிக்கின்றார்கள்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. உண்மையாகவே பந்தயம் ஓடிய கார் அடிபட்டிருக்கும். எஞ்சின் வெடித்து மாற்றப்பட்டிருக்கும். பெரிய டயர் போடுவதற்காகப் பின்பக்கத் தகட்டை வெட்டியிருப்பார்கள். பாரத்தைக் குறைக்க ஆசனங்களைக் கழற்றி எறிந்திருப்பார்கள். ஆகவே அசல் காரில் பழைய பாகங்கள் குறைவாகவும், நேற்றுச் செய்த நகல் தொழிற்சாலையிலிருந்து இன்றுதான் வந்தது போலவும் இருக்கலாம். பளபளப்பை வைத்து அசலைத் தேடுபவர் ஏமாறுவது இதனால்தான்.

அந்தச் சந்தையில் நேர்மையானவர்கள் நகலை நகல் என்றே விளம்பரம் செய்கின்றார்கள். குளோன், ட்ரிபியூட், ரெப்ளிகா என்று அதற்குப் பெயர்களும் வைத்திருக்கின்றார்கள். அப்படிச் சொல்லி விற்கும் காருக்கும் நல்ல விலை உண்டு. அசலைப் பூட்டி வைத்துவிட்டு நகலை ஓட்டத்துக்கு எடுப்பவர்களும் உண்டு. நகல் என்பது களவு அல்ல. அது நகல் என்பதைச் சொல்லாமல் விடுவதே களவு.

நீதிமன்றம் ஏறிய பென்ட்லி

பாகங்கள் எல்லாம் மாறிப்போன கார் அதே கார்தானா? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. 'ஓல்ட் நம்பர் வன்' எனப்படும் பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய இரண்டு வருடங்களும் பிரான்சின் லீ மோன் 24 மணித்தியாலப் பந்தயத்தில் வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்தில் அதே கார் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரிழந்தார். பிறகு அது திருத்தப்பட்டு வேறு பொடியோடு வலம் வந்தது. ஒரு கோடி பவுணுக்கு விலை பேசிய கம்பனி, கடைசியில் "இது அந்தக் கார் அல்ல" என்று பின்வாங்கியது. விற்பவர் வழக்குப் போட்டார்.

தீர்ப்பு விற்பவருக்குச் சாதகமாக அமைந்தது. ஆரம்பத்தில் இருந்த பாகங்கள் பெரும்பாலும் மாறிவிட்டன என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கார் ஒரு நாளும் இல்லாமல் போய்ப் பிறகு புதிதாக உருவாக்கப்படவில்லை. பந்தயக் காலத்திலிருந்தே படிப்படியாக மாறி, தொடர்ச்சியான வரலாற்றோடு வந்திருக்கின்றது. அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு காரும் இல்லை என்று அவர் கண்டார். ஆகவே அது ஆரம்ப நிலையிலுள்ள கார் அல்ல. ஆயினும் உண்மையான 'ஓல்ட் நம்பர் வன்' அதுதான் என்று முடிவானது.

வியாபாரிகள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரிஜினல் என்பது வேறு, உண்மையானது என்பது வேறு. முதலாவதை இரும்பு சொல்லும். இரண்டாவதை வரலாறுதான் சொல்லும். வரலாறு என்றால் நமது மொழியில் பில், புத்தகம், படம், சாட்சி.

மொரிஸ் மைனரும் நமது கைத்திறனும்

நகல் செய்வது கேவலமான தொழில் என்று யாரும் நினைக்க வேண்டாம். நமது நாடே அதில் பெயர் வாங்கியிருக்கின்றது. 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர், பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார். மொத்தமாக 16 இலட்சம் அளவில் செய்யப்பட்டு, 1970களின் ஆரம்பத்தில் உற்பத்தி நின்றது. கம்பனி கைவிட்ட பிறகும் நமது பாதைகளில் அது பல்லாண்டு ஓடியது. அதைத் தகடு தகடாக உயிரோடு வைத்திருந்தவர்கள் நமது பாஸ்மார்.

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர் இதைக் கவனித்தார். 1990களில் இலங்கைப் பங்காளியுடன் சேர்ந்து 'டியூரபிள் கார் கம்பனி' என்ற பெயரில் மொரிஸ் மைனருக்கான பொடித் தகடுகளையும் பாகங்களையும் இங்கேயே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். கார் பிறந்த நாட்டுக்கே நாம் பாகம் அனுப்பிய கதை இது. அவை புதிதாகச் செய்த பாகங்கள் என்று சொல்லியே விற்கப்பட்டன. வாங்கியவரும் தெரிந்தே வாங்கினார். யாருக்கும் மானக்கேடு இல்லை.

அதே மொரிஸ் மைனரில் மற்றப் பக்கமும் உண்டு. பத்து இலட்சத்தைத் தொட்டதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில், '1000000' என்ற அடையாளத்தோடு 350 கார்கள் மட்டும் செய்தார்கள். ஒரு சாதாரண மைனருக்கு அந்த நிறத்தை அடித்து, அந்த அடையாளத்தையும் ஒட்டுவது எவ்வளவு பெரிய வேலை? கராஜ் வேலை ஒன்றுதான், கைத்திறனும் ஒன்றுதான். பாகம் என்று சொல்லி விற்றால் ஏற்றுமதி. அபூர்வக் கார் என்று சொல்லி விற்றால் மோசடி.

புத்தகம்தான் வாகனம்

நமது நாட்டில் விடயம் இன்னும் சிக்கலானது. இங்கே வாகனத்தின் பதிவு இலக்கம் அதன் ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. சீ.என்., ஈ.எல்., ஈ.என். என்று தொடங்கும் பழைய இலக்கமும், அதன் பிறகு வந்த ஸ்ரீ இலக்கமும் வாகனத்தின் வயதைச் சொல்லிவிடும். அதனால் இரும்பு உக்கிப் போனாலும் புத்தகத்துக்கு மதிப்பு இருக்கின்றது. செத்த வாகனத்தின் புத்தகத்தை வேறொரு வாகனத்தில் ஏற்றுவது, உதிரிப்பாகம் என்ற பெயரில் வந்த துண்டுகளைப் பொருத்தி முழு வாகனமாக்கிப் பழைய இலக்கத்தில் ஓட்டுவது எல்லாம் நாம் கேள்விப்படாத சங்கதிகள் அல்ல. அது சுங்கத் திணைக்களத்திடமோ பொலிஸிடமோ பிடிபடும் நாளில் விற்றவர் கண்ணில் படமாட்டார். வாகனம் நிற்பது வாங்கியவரின் வாசலில்தான். லீசிங் எடுத்திருந்தால் வாகனம் இல்லாமலே தவணை கட்ட வேண்டி வரும்.

பிரித்தானியாவில் அடையாளம் நிச்சயமில்லாத வாகனத்துக்கு 'கியூ' என்ற எழுத்தோடு தனி இலக்கம் கொடுக்கும் முறை இருக்கின்றது. அதைக் கண்டவுடனேயே வாங்குபவர் சங்கதியை விளங்கிக் கொள்வார். இலக்கத் தகடே உண்மையைச் சொல்லிவிடுவதால் விற்பவர் பொய் சொல்ல இடமில்லை. இங்கே அந்த வசதி இல்லாதபடியால் அந்தப் பொறுப்பு முழுவதும் நமது வாயில்தான் தங்கியிருக்கின்றது.

கவனிக்க வேண்டியவை

பழைய வாகனம் வாங்குபவர்கள் சில விடயங்களைக் கட்டாயம் செய்ய வேண்டும். சாசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இலக்கம் குத்திய இடத்தில் வெல்டிங், புது பெயின்ட், சுரண்டிய அடையாளம் இருந்தால் கேள்வி கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தைப் பெற்று முந்திய உரிமையாளர் வரிசையைச் சரிபாருங்கள். நம்பிக்கையான பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி நட்டமல்ல. முக்கியமாக, "ஒரிஜினலா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். எஞ்சின் எது, பொடி எது, கியர்பெட்டி எது என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை விற்பனைக் கடிதத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாயால் தாராளமாகச் சொல்பவர் எழுதக் கேட்டால் தயங்குவார். அந்தத் தயக்கமே உங்களுக்கு விடை.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றிய பாகங்களின் பில்களை எறியாதீர்கள். வேலை நடக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். எஞ்சின் மாற்றினால் பதிவையும் திருத்துங்கள். "ஜீப் பழையது, எஞ்சின் ஜப்பான், பொடி இங்கே அடித்தது" என்று நேரடியாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் விலை விழும் என்று பயப்படுபவர்கள் பலர். கொஞ்சம் விழலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார், தன் மச்சானையும் கூட்டி வருவார். சரக்கின் குறையைச் சொல்லி விற்பது நமது முன்னோர் பேணிய வியாபார ஒழுக்கமும்கூட.

இதில் நாம் மறந்துவிடும் ஆள் ஒருவர் இருக்கின்றார். ஒரு தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கம்பனித் தகடு போலவே எடுத்த பாஸ் அவர். அந்த வாகனத்தைக் கம்பனி ஒரிஜினல் என்று பொய் சொல்லி விற்கும்போது வாங்குபவரின் பணம் மட்டும் களவு போவதில்லை. அந்தத் தொழிலாளியின் பெயரும் சேர்ந்தே களவு போகின்றது. அவருடைய வேலை வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றின் கணக்கில் எழுதப்படுகின்றது. "இது இன்னாருடைய கைவேலை" என்று சொல்லி விற்கும் பழக்கம் வந்தால், நாளைக்கு அந்தப் பெயருக்கே ஒரு விலை வரும். அவருடைய பிள்ளையும் அந்தத் தொழிலைப் படிக்க முன்வருவான்.