வறண்ட ஓடையில் வாழும் கல்லீ

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, தொடர்வண்டி பாலத்தைக் கடக்கையில் நீரின்றிக் கிடக்கும் ஆறுகளைக் கண்டிருப்பீர்கள். மணலும் கூழாங்கற்களுமே கண்ணில் படும். "இங்கே உயிர் ஏது?" என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும். அம்முடிவு எப்போதும் சரியன்று என்பதற்குக் கல்லீ என்னும் சிறு பூச்சி சான்றாகும்.

ஆங்கிலத்தில் 'ஸ்டோன்ஃபிளை' என வழங்கப்படும் பூச்சியையே இங்குக் கல்லீ என்கிறோம். பெயரில் 'ஈ' இருப்பினும் இஃது ஈ இனத்தைச் சார்ந்ததன்று. ஈக்கு இரண்டே சிறகுகள். கல்லீக்குப் பெரும்பாலும் நான்கு. இதன் இளம்பருவம் ஓடும் நீரில், கற்களின் அடியில் கழிகிறது. வாலில் இரண்டு இழைகளும், ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகங்களும் இருக்கும். குளிர்ந்த தூய நீரையே இது மிகுதியும் விரும்பும். ஆகவே இதனைத் தேடுவோர் மலையோடைகளை நாடுவது வழக்கம். பாலைநிலத்தில் தேட யாருக்குத் தோன்றும்?

அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள அரிசோனா, ஆளுயரத்தை விஞ்சிய கள்ளிகள் வளரும் வறண்ட மாநிலம். அங்குள்ள ஓடைகள் பலவற்றில் ஆண்டின் சில மாதங்களே நீர் ஓடும். 1969ஆம் ஆண்டில் பௌமன், காஃபின் என்னும் இரு அறிஞர்கள் ஒரு புதிய கல்லீயை விவரித்து, 'காப்னியா அரிசோனென்சிஸ்' எனப் பெயரிட்டனர். 'அரிசோனாவைச் சார்ந்தது' என்பது அதன் பொருள்.

ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத இக்கரிய பூச்சி அங்கே பிழைக்கும் விதம் வியப்புக்குரியது. குளிர்கால மழையால் ஓடையில் நீர் வந்ததும் இளம்பூச்சிகள் விரைந்து வளரும்; சில வாரங்களிலேயே சிறகு முளைத்துக் கரையேறும். இணை சேர்ந்து, முட்டையிட்டு மடியும். நீர் வற்றியபின் அடுத்த தலைமுறை, படுகையின் அடியில் உறக்கநிலையில் தங்கிவிடும். மழை பொய்த்தால் மறு மழை வரும்வரை காத்திருக்கும். கோடையில் வலையுடன் செல்பவர் வெறுங்கையுடன்தான் திரும்புவார்.

பூச்சி கிடைத்தால் மட்டும் போதாது. புதிய இனம் என்று மெய்ப்பிப்பதே கடினமான பணி. இளம்பூச்சிகள் பலவும் ஒன்றுபோலவே இருப்பதால், வளர்ந்த ஆண்பூச்சி வேண்டும். அதன் வயிற்று நுனியிலுள்ள நுண்ணிய உறுப்புகளின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். அதனை நுண்ணோக்கியில் கண்டு, வரைந்து, முன்னரே பெயர் பெற்ற உறவினங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவர். பல இனங்களில் ஆண் தன் வயிற்றால் தரையைத் தட்டி ஒலியெழுப்பும். பெண் தட்டி விடை கூறும். அத்தட்டலின் தாளமும் இனத்தைக் கண்டறிய உதவுவதுண்டு! இறுதியில் ஒரு பூச்சியை 'மூலமாதிரி' எனத் தேர்ந்து அருங்காட்சியகத்தில் வைப்பர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அதனை எடுத்துப் பார்க்கலாம்.

பெயரும் மாறலாம். அரிசோனாப் பூச்சி பின்னர் 'மீசோகாப்னியா' என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதனால் இன்று அதன் பெயரை எழுதும்போது பௌமன், காஃபின் பெயர்களை அடைப்புக்குறிக்குள் இடுவர். 'இவர்கள் விவரித்தபோது இது வேறு பேரினத்தில் இருந்தது' என்பதை அச்சிறு குறி உணர்த்துகிறது. இலக்கணம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஓடையைக் கோடையில் மட்டும் பார்த்து 'இங்கு எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டால், அங்கே மணல் அள்ளவும் சாலை போடவும் எவரும் தயங்கமாட்டார். படுகையைத் தோண்டும்போது உறங்கும் பூச்சிகளும் அழியும். பெயரில்லாத உயிரைக் காக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்ப்பதும் அரிது.

தமிழ்நாட்டிலிருந்தும் இவ்வாறு ஒரு கல்லீ உலகுக்கு அறிமுகமாயிற்று. 2007ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட அதன் பெயர் 'நியோபெர்லா பைசீரியேட்டா'. இப்பெயரில் ஊர் இல்லை. 'இரு வரிசைகள் உடையது' என்பதே இதன் பொருள்.