ஒரு வாளித் தண்ணீரில் கார் கழுவலாம்!

மும்பைக் குளிரை டெல்லியில் இருக்கும் நம் உறவினர்கள் குளிர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஸ்வெட்டர் அவசியமில்லைதான். ஆனால் கார் வைத்திருப்பவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு தனித் தொல்லை உண்டு. அதுதான் தூசி.

மழைக்காலத்தில் வானமே வண்டியைக் கழுவிவிடும். மழை விட்டபின் கடற்காற்று தளர்ந்து, நிலத்திலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. கட்டட வேலைகளின் மண், சிமெண்ட், சாலைப் புழுதி எல்லாம் தரையோடு தங்கிவிடுகின்றன. அக்டோபர் 2023-ல் மாநகராட்சி கட்டட இடங்களுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டதும் இதனால்தான். மாஹிம்வாசிகளுக்குக் கடலின் உப்பு கூடுதல் வரவு. விடியற்காலைப் பனி இவையெல்லாவற்றையும் சேர்த்துப் பசைபோல் வண்டியின்மேல் ஒட்டிவிடுகிறது.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் ஒரு கறுப்பு நிறக் கார் வாங்கினான். தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று தினமும் காலையில் ஈரத்துணியால் நானே துடைத்து வந்தேன். பொங்கலன்று வெயிலில் வண்டியை நிறுத்தியபோதுதான் தெரிந்தது, கூரை முழுவதும் சிலந்தி வலை போன்ற கீறல்கள். மகன் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில் பெட்டிப் பராமரிப்பில் இருந்தவன் என்ற என் பெருமை அன்று சற்றே அடங்கியது.

காரணம் எளிது. தூசியில் இருக்கும் மணல் துகள் கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் உடையது. காரின் வண்ணத்துக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சின் கனமோ பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி மணலை நீக்குவதில்லை, இழுத்துக்கொண்டு போகிறது. பாலிஷ் போட்டுக் கீறலை மறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த மெல்லிய பூச்சில் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடும்.

குழாய் வைத்துக் கழுவலாமே என்பீர்கள். பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டால் 100 முதல் 150 லிட்டர் போய்விடும். நகரங்களில் ஒருவரின் ஒரு நாள் தேவைக்கென அரசு வகுத்திருக்கும் அளவே 135 லிட்டர். 2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 50 வேகன்களில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் போயிற்று. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் நம் மும்பையிலும் 10 சதவீத நீர்வெட்டு வந்தது.

அலச வேண்டாத திரவம்

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்னும், அலச வேண்டாத கழுவு திரவம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள நம்மவர்கள் குழாய்நீர் உறையும் குளிரில் இதைக் கொண்டுதான் கராஜுக்குள்ளேயே கார் கழுவிக்கொள்கிறார்கள். அங்கே பனி, இங்கே தண்ணீர்ப் பஞ்சம்; மருந்து ஒன்றே.

சாதாரண ஷாம்பூவின் சோப்பு வண்டியில் தங்கினால் திட்டுத் திட்டாகக் காயும். ஆகவே நிறைய நீர்விட்டு அலச வேண்டும். இந்தத் திரவத்தில் உள்ள பாலிமர்கள் துகளைச் சுற்றிப் படிந்து, வழுக்கலை உண்டாக்கி, கீறாமல் துணியில் ஏற்றிவிடுகின்றன. மிஞ்சுவது மிகச் சொற்பம். உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, பெயர். ‘வாட்டர்லெஸ்’ என்று விற்கும் ஸ்ப்ரே வேறு. அது லேசான தூசிக்கு மட்டுமே. வாளியில் கலக்கும் ‘ரின்ஸ்லெஸ்’தான் நமக்கு வேண்டியது.

இரண்டாவது, கலக்கும் அளவு. பாட்டிலின் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு கழுவலுக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். உதாரணமாக, ‘ஆப்டிமம் நோ ரின்ஸ்’ என்ற திரவத்தில் ஒரு பங்குக்கு 256 பங்கு நீர். அதாவது ஏழரை லிட்டருக்கு 30 மில்லி. சிறிய காருக்கு நான்கு லிட்டரும் 15 மில்லியும் போதும். அரை லிட்டர் பாட்டில் 33 முறை வரும். மலிவான பாட்டிலில் ஒரு முறைக்கு 100 மில்லி ஊற்றச் சொன்னால் ஐந்தே முறையில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, நுரையில் மயங்காதீர்கள். நல்ல ரின்ஸ்லெஸ் திரவம் அதிகம் நுரைக்காது. கலந்த நீரை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், வழுக்க வேண்டும். வாசனைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இதற்கு மாற்று அல்ல.

நான்காவது, தண்ணீர். ஏரியிலிருந்து வரும் மாநகராட்சி நீருக்குப் பிரச்னையில்லை. டேங்கர் அல்லது போர்வெல் நீர் என்றால், கடினநீரிலும் வேலை செய்யும் என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் சிறிய பாட்டில் வாங்கி, டிக்கி மூடியில் மட்டும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

செய்முறை

எவ்வளவு நல்ல திரவமானாலும் முறை தவறினால் பயனில்லை. வண்டி நிழலில், சூடு ஆறியிருக்க வேண்டும். அதே கலவையை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, தூசிமேல் தெளித்து இரண்டு நிமிடம் ஊற விடுங்கள், காய விடாதீர்கள். மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பகுதிக்கு ஒரு பக்கம், அழுத்தாமல், நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். அழுக்கான பக்கத்தை மறுபடி வாளியில் முக்காதீர்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. பறவை எச்சத்தைத் தேய்க்காமல், நனைந்த துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு வையுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லா அழுக்குக்கும் இது தீர்வல்ல. சேறு அப்பியிருந்தால் முதலில் தண்ணீர்தான். சிமெண்ட் தெறித்து இறுகியிருந்தால் நாமே சுரண்டாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். வண்டியின் அடிப்பகுதிக்கும் இந்தத் திரவம் எட்டாது. பளபளக்கும் ரயில் பெட்டிகளின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையானதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். கடலோரம் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ஓரிரு முறையாவது சர்வீஸ் நிலையத்தில் அடிப்பகுதியை நீர் பாய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பில்டிங்கில் காலையில் ஓர் இளைஞர் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து வண்டிகளைத் துடைப்பார். கீறல் விழுந்தால் பழி அவர்மேல்தான். நல்ல துணியை அவருக்கு யார் கொடுத்தோம்? நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பாட்டிலும், வண்டிக்கு மூன்று துணியும் வாங்கிக் கொடுத்தோம். ஒரு ஞாயிறு நான் செய்து காட்டினேன். இப்போது என்னைவிட அவர்தான் நன்றாகச் செய்கிறார். என் மகனின் காரில் பழைய கீறல்கள் அப்படியேதான் இருக்கின்றன. புதிதாக ஒன்றும் விழவில்லை.