2050-இல் ஒரு வீடு: மோசமான எதிர்காலத்தை ஏன் முன்கூட்டியே கட்டிப் பார்க்கிறார்கள்?

லண்டனில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீடு. ஆனால், காலம் 2050. கிடக்கும் செய்தித்தாள் உணவுத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. அலமாரிகளில் எல்.இ.டி வெளிச்சத்தில் செடிகள் வளர்கின்றன. மண் கிடையாது. வேர்களுக்குச் சத்துநீர் பனிமூட்டம் போலப் போய்ச் சேர்கிறது.

2017-இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் காட்சிக்கு வைக்கப்பட்ட 'மிட்டிகேஷன் ஆஃப் ஷாக்' என்ற கலைப்படைப்பு இது. உருவாக்கியது, இந்தியாவில் பிறந்த அனாப் ஜெயினும் ஜான் ஆர்டர்னும் தொடங்கிய லண்டன் நிறுவனமான 'சூப்பர்ஃப்ளக்ஸ்'.

சரி, பயமுறுத்துவதுதான் நோக்கமா?

இல்லை. பருவநிலை மாற்றம் பற்றிப் பயமுறுத்தும் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. படிக்கிறோம், பெருமூச்சு விடுகிறோம், அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுகிறோம். இந்த வீட்டில் அப்படி முடியாது. அங்கே இருந்த செடிகளும் கருவிகளும் வெறும் செட் அல்ல. நிஜமாகவே உணவு வளர்க்கக்கூடியவை. 'ஐயோ' என்று நுழைபவர், 'ஓ, இப்படியும் சமாளிக்கலாமா?' என்று யோசித்தபடி வெளியே வரலாம்.

ஒரு மூச்சு போதும்

ஐக்கிய அரபு அமீரகத்தின் எரிசக்தித் திட்டத்துக்காக வேலை செய்தபோது நடந்ததை 2017-இல் டெட் உரையில் அனாப் ஜெயின் சொன்னார். 'என் மகனிடமே கார் ஓட்டாதே என்று சொல்ல முடியாது' என்கிற ரீதியில் பேசினார் ஒருவர். இப்படியே போனால் வருங்காலத்தில் காற்று எப்படி இருக்கும் என்று கணித்து, அந்த மாசுக் காற்றையே தயாரித்து முகரக் கொடுத்தது குழு. எந்தப் புள்ளிவிவரத்தாலும் முடியாததை அந்த ஒரு மூச்சு புரியவைத்தது என்கிறார் அவர்.

விளையாட்டாக ஓர் ஒத்திகை

2008-இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஃபார் தி ஃபியூச்சர்' அமைப்பு 'சூப்பர்ஸ்ட்ரக்ட்' என்ற இணைய விளையாட்டை நடத்தியது. கதை நடப்பது 2019-இல். சுவாச நோய் பரவுகிறது, தனிமைப்படுத்தல் வருகிறது, உணவுச் சங்கிலி ஆட்டம் காண்கிறது. ஆயிரக்கணக்கானோர் 'அப்போது நான் என்ன செய்வேன்?' என்று எழுதினார்கள். கொரோனா வந்தபோது, அந்தப் பதற்றத்தை ஏற்கெனவே ஒருமுறை கடந்துவிட்டதாகச் சிலர் தன்னிடம் சொன்னதாக, அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜேன் மெக்கோனிகல் குறிப்பிட்டிருக்கிறார்.

இதை ஜோசியம் என்று நினைக்க வேண்டாம். எது நடக்கும் என்று சொல்வது இதன் வேலை இல்லை. நடந்தால் கை என்ன செய்யும் என்று பழக்குவதுதான். பள்ளியில் நடக்கும் தீயணைப்பு ஒத்திகை மாதிரி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அழிவை மட்டும் காட்டி நிறுத்தினால், 'இனி என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது' என்ற விரக்திதான் மிஞ்சும். பார்ப்பவருக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தால்தான் ஒத்திகை ஆகும்.

முயன்று பார்க்க மியூசியம் தேவையில்லை. மூன்று நாள் தண்ணீரும் கரண்ட்டும் சிக்னலும் இல்லை என்றால், உங்கள் வீட்டில் முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போகும்? யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் பேசிப் பாருங்கள்.