டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்பில் துணியின் இழை தெரியவில்லையா? ஆட்டோவை அணைத்துப் பாருங்கள்

யூ.எஸ்.பி. போர்ட்டில் செருகி, கம்ப்யூட்டர் திரையிலேயே பார்க்கும் டிஜிட்டல் மைக்ரோஸ்கோப் கேமராக்கள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன. எறும்பு, உப்புக் கல், பத்து ரூபாய் நாணயம் என்று பிள்ளைகள் பார்த்து மகிழ்வதற்கு மட்டுமல்ல, தொழிலுக்கும் இது பயன்படும். திருத்தணியைச் சுற்றி பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது துணியின் விலையைத் தீர்மானிக்கும் விஷயம். எண்ணிக்கையில் தகராறு வந்தால் கூலியிலும் கை வைப்பார்கள். சிறிய பூதக்கண்ணாடியை வைத்து, ஊசி முனையால் தள்ளித் தள்ளி எண்ணும் வேலையைத் திரையில் பெரிதாகப் பார்த்து எண்ணலாம். படத்தையும் சேமித்து வைக்கலாம்.

ஆனால் கட்டம் போட்ட லுங்கித் துணியைக் கேமராவின் கீழே வைத்தவுடன் பலருக்கும் ஏமாற்றம்தான். வெள்ளைக் கட்டத்தில் இழையே தெரியாது. சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். கேமரா பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். ஆட்டோ எக்ஸ்போஷர் செய்யும் வேலை இது.

கேமராவுக்குத் துணி தெரியாது, கட்டம் தெரியாது. மொத்தப் படமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிற வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. திரையில் பெரும்பகுதி கருநீலக் கட்டமாக இருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும். அப்போது ஓரத்தில் இருக்கும் வெள்ளை இழைகள் வெளுத்துப்போகும். துணியைக் கொஞ்சம் நகர்த்தினால் கணக்கு தலைகீழாக மாறும்.

சாதாரணப் படத்தில் ஒவ்வொரு பிக்ஸலின் சிவப்பு, பச்சை, நீல அளவும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகப் பதிவாகும். 255தான் உச்சம். படி நிரம்பிய பிறகு கொட்டும் அரிசி போல, அதற்கு மேல் வரும் வெளிச்சம் பதிவாகாது. இழையும் 255, இழைகளுக்கு நடுவே உள்ள பள்ளமும் 255 என்றாகிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பிறகு பிரைட்னஸைக் குறைத்தால் வெள்ளைச் சுவர் சாம்பல் சுவராகும். இழை வராது. எனவே படம் எடுப்பதற்கு முன்பே எக்ஸ்போஷரைச் சரிசெய்தாக வேண்டும்.

இதற்கான செட்டிங் எங்கே இருக்கிறது? இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை வெப்கேமராக்களுக்கான யு.வி.சி. என்ற பொது முறையில் இயங்குபவை. எனவே தனி டிரைவர் தேவைப்படாது. ஆம்கேப் புரோகிராமில் ஆப்ஷன்ஸ் மெனுவில் உள்ள வீடியோ கேப்சர் ஃபில்டர் என்பதை க்ளிக் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோவில், கேமராவைச் சேர்த்த பின் கான்ஃபிகர் வீடியோ பட்டனை அழுத்துங்கள். இரண்டிலும் ஒரே மாதிரியான டயலாக் பாக்ஸ்தான் திறக்கும். அதில் கேமரா கண்ட்ரோல் டேபில் எக்ஸ்போஷருக்கு எதிரே உள்ள ஆட்டோ டிக்கை எடுத்துவிடுங்கள்.

அங்கே -5, -6 என்று எண்கள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். -5 என்றால் ஒரு நொடியில் 32-ல் ஒரு பங்கு. -6 என்றால் 64-ல் ஒரு பங்கு. ஒரு படி இறக்கினால் வெளிச்சம் பாதியாகும். வெள்ளைக் கட்டத்தைத் திரையின் நடுவில் வைத்து, அதில் இழைகள் தனித்தனியாகத் தெரியும்வரை இறக்குங்கள். கருநீலம் சற்று இருண்டாலும் பரவாயில்லை. இருட்டில் இருப்பதை ஓரளவு மீட்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது. சந்தேகமிருந்தால் படத்தைச் சேமித்து இர்ஃபான்வியூவில் ஹிஸ்டோகிராம் பாருங்கள். வலது ஓரத்தில் சுவர் போல ஒரு கோடு எழும்பியிருந்தால் இன்னும் ஒரு படி இறக்க வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்று கெயினைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். கெயின் கூடினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், பஞ்சுப் பிசிறு எது, நாய்ஸ் எது என்று தெரியாது. முதலில் கேமராவிலுள்ள எல்.இ.டி. விளக்கைச் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். பளபளப்பான நூலில் விளக்கு திட்டுத் திட்டாகப் பிரதிபலித்தால் எந்த எக்ஸ்போஷரும் உதவாது. முனையைச் சுற்றி ஒரு துண்டு பட்டர் பேப்பரை ஒட்டினால் போதும். அல்லது எல்.இ.டி.யை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். இழைகள் மேடுபள்ளமாகத் தெளிவாகத் தெரியும்.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டைகள் ஓடுகின்றனவா? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60-ல் இருக்கலாம். வீடியோ ப்ராக் ஆம்ப் டேபில் பவர்லைன் ஃப்ரீக்வென்ஸியை 50 ஆக மாற்றுங்கள்.

அதே டேபில் ஒயிட் பேலன்ஸின் ஆட்டோவையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சிவப்புக் கட்டத்திலிருந்து வெள்ளைக் கட்டத்துக்கு நகரும்போது நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தாளை வைத்து, அது வெள்ளையாகத் தெரியும் இடத்தில் ஸ்லைடரை நிறுத்துங்கள். ஷார்ப்னஸை அளவோடு வையுங்கள். அதிகமானால் இழையின் இருபுறமும் போலிக் கோடுகள் முளைத்து எண்ணிக்கையே தப்பாகும். அட்டைப்பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருப்பதை நம்பி ஜூம் செய்யாதீர்கள். உருப்பெருக்கம் உங்கள் மானிட்டரின் அளவைப் பொறுத்தும் மாறும்.

எண்ணுவதற்கு ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். அதைத் துணியின் மேல் வைத்தே படம் எடுங்கள். 5 மில்லிமீட்டரில் 12 பாவு இழைகள் இருந்தால், 12-ஐ 5-ஆல் வகுத்து 25.4-ஆல் பெருக்குங்கள். அங்குலத்துக்குச் சுமார் 61 இழைகள். ஊடைக்குத் துணியை அப்படியே திருப்பி வைத்து மறுபடி எண்ணுங்கள். ஒரே இடத்தை நம்பாமல் நாலைந்து இடங்களில் எடுத்து சராசரி பாருங்கள்.

கேமராவைக் கழற்றி மாட்டினால் பல புரோகிராம்களில் செட்டிங் பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.