எட்டு ஆட்டத்தை வைத்து ஒரு ஆட்டக்காரரை எடை போட முடியுமா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற சீசனில்தான் பெரும்பாலும் டிஎன்பிஎல்லும் நடக்கும். 2016இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தொடங்கிய இந்தத் தொடரில்தான் ஐபிஎல் அணிகள் புது ஆள் தேடுகின்றன. லீக் சுற்றில் ஒரு அணிக்கு 7 ஆட்டம். ஒரு பந்துவீச்சாளர் ஆட்டத்துக்கு 24 பந்து வீசலாம். ஆக மொத்தம் 168. இவ்வளவு கொஞ்சம் தரவை வைத்துக்கொண்டு ஏலத்தில் கோடிக்கணக்கில் கேட்கிறார்கள். தரவோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பு என்பதால், இதில் எந்த எண்ணை நம்பலாம் என்று பார்த்தேன்.

சாய் சுதர்சனை எடுத்துக்கொள்வோம். 2021 டிஎன்பிஎல்லில் கோவை அணிக்காக 8 ஆட்டங்களில் 358 ரன். சராசரி 71.6. பிரமாதம்தான். ஆனா அவர் அவுட் ஆனது 5 தடவைதான். கூடுதலாக ஒரு கேட்ச் பிடிபட்டிருந்தால் சராசரி 59.7, இரண்டு என்றால் 51. அதே பையன், அதே ஆட்டம். ஸ்ட்ரைக் ரேட் அப்படி ஆடாது. சுமார் 250 பந்துகளில் கணக்கிட்டது அது, 100 பந்துக்கு 144 ரன். வகுக்கும் எண் பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். அப்போது அவருக்கு வயது 19 என்பதும் முக்கியம். வளர இன்னும் இடம் இருக்கு.

அடுத்தது, எங்கே ஆடினார் என்பது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சுரண்டை, கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும். அந்தச் சீசனில் திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் காற்றோடு தூக்கி அடித்தால் சிக்ஸர், எதிர்த்து அடித்தால் கேட்ச் ஆகலாம். அமெரிக்க பேஸ்பாலிலும் இதே சிக்கல். கல்லூரியில் அலுமினிய மட்டை, தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டை. அதனால் டிராஃப்டுக்கு ஆள் பார்ப்பவர்கள், மாணவர்கள் மர மட்டையோடு ஆடும் கேப் காட் கோடைக்காலத் தொடரைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். 2021இல் கோவிட் காரணமாக டிஎன்பிஎல் முழுக்கச் சேப்பாக்கத்திலேயே நடந்தது. ஒரே மைதானம் என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

சரி, ஏல விலை எதைக் காட்டுது? சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் அடிப்படை விலை 10 லட்சம். 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு 6 ஆட்டம், 2 விக்கெட். 2018 டிஎன்பிஎல்லில் ஓவருக்கு 5 ரன்கூடக் கொடுக்காத வருண் சக்கரவர்த்தியை, அதே அணி 2019 சீசனுக்கு 8.4 கோடிக்கு எடுத்தது. ஆடியது ஒரே ஆட்டம்; முதல் ஓவரில் 25 ரன் போச்சு. இருவரையும் அணி விட்டுவிட்டது. 2020 ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்காக நடராஜன் 16 விக்கெட், கொல்கத்தாவுக்காக வருண் 17 விக்கெட். யார்க்கரும் சுழல் வித்தையும் அவர்களிடம் முன்பே இருந்தவைதான். 6 ஆட்டத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். மாறாக, 20 லட்சத்துக்குப் போன சுதர்சன் 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்தார். 2025இல் 759 ரன்னோடு அதிக ரன் எடுத்தவரானார்.

நடராஜனுக்கும் வருணுக்கும் இன்னொரு அணி கிடைத்தது. மாவட்ட அளவில் ஆடும் பையனுக்கு ஒரு சீசன் சரியாகப் போகலைன்னா, அடுத்த வருஷம் கூப்பிடவே மாட்டார்கள். தென்காசிப் பக்கம் ஸ்கோர் எழுதுபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ரன்னோடு எத்தனை பந்து, எந்த மைதானம், காற்று எந்தப் பக்கம் என்பதையும் எழுதி வையுங்கள். இரண்டு மூணு வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பையன் யாருன்னு தெரியும்.